துணைக்கு வந்த நல்லம்மா

எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்கள் அறுவை வார்டில் ஒரு வழக்கம் உண்டு. குடலிறக்கத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தால், அவருக்குத் துணையாக வந்திருக்கும் பெண்ணையும் டிரெஸ்ஸிங் அறைக்கு அழைத்துப் போக வேண்டும். கதவைச் சாத்திவிட்டு, "தொடை இடுக்குல, தொப்புள் கிட்ட, பழைய ஆபரேஷன் தழும்புல, எங்கயாச்சும் வீக்கம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இடத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பொதுவாக நலம் விசாரிப்பது கணக்கில் சேராது.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. சென்ற மாதம், வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, காமிரா விட்டு ஆபரேஷன் செய்யும் கருவி வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். போனேன். திரையில் குடலிறக்கத்தின் வாசலை உள்ளேயிருந்து பார்த்தேன். அத்தனை வருடம் வெளியேயிருந்து பார்த்த ஒரு வீட்டுக்குள் முதல் முறை நுழைந்தது போல இருந்தது. டீ குடிக்கும்போது புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, "சிஸ்டர், அட்மிட் ஆனது ஆம்பளை. கூட வந்தவங்களை எதுக்குக் கேட்கணும்? சில பேர் கோபப்படறாங்க" என்றாள். அவளுக்கு இரண்டு வரியில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அது பதிலே இல்லை என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொல்லிமலை அடிவாரத்துக்காரி. அப்பாவுக்கு நிலக்கடலைக் காடு. சேலத்தில் நர்ஸ் படிப்பு, வெளி மாவட்டங்களில் சில வருடம், கல்யாணம், பிறகு அடிவாரத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றல். கடைசி வரை அங்கேதான், பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறவர்கள் எங்கள் வாசலில் வந்து உட்காருவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி வந்ததில் பாதிப் பேர் முகம் வெளுத்திருக்கும். குழாயடியில் வாய் கொப்பளித்த பிறகுதான் என்ன நோய் என்றே சொல்ல ஆரம்பிப்பார்கள்.

எங்கள் சர்ஜன் டாக்டர் குமரேசன். நெடுநெடுவென்று இருப்பார். குரல் உயரவே உயராது. குடலிறக்கம் நின்றால்தான் வெளியே தெரியும், படுத்தால் உள்ளே போய்விடும். அதனால் நோயாளியை நிற்க வைத்து, தான் ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார். "இருமுங்க" என்பார். விரல் இடுக்கில் இருக்கும், கண் சுவரில் இருக்கும். வேட்டியை விலக்கிக்கொண்டு நிற்கிறவர் முகத்தை அந்த நேரத்தில் அவர் பார்த்ததே இல்லை. "முகத்தைப் பார்த்தா இருமல் வராது சிஸ்டர்" என்று ஒருமுறை சொன்னார். வீக்கம் விதை வரை இறங்கியிருந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். நீர் கோத்தது என்றால் வெளிச்சம் ஊடுருவி உள்ளே சிவப்பாகத் தெரியும். குடல் என்றால் இருட்டு.

"ஏன் இத்தனை நாள் வரலை?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. வந்தவரிடம் சாக்குக் கதை சொல்வார். "நெல்லு மூட்டையில ஒரு இடம் நைஞ்சு போச்சுன்னா நெல்லு அது வழியா வெளிய தள்ளும். நெல்லு மேல தப்பில்லை, சாக்கு மேலதான். மாத்திரை போட்டா சாக்குக் கிழிசல் மூடாது. பெல்ட்டு கட்டினா கையை வெச்சு அமுத்திப் பிடிச்ச மாதிரி, அவ்வளவுதான். தைக்கணும். நைஞ்ச துணியை இழுத்துத் தைச்சா மறுபடி கிழியும். அதனால ஒட்டு வெச்சுத் தைக்கிறோம்." அந்த ஒட்டுதான் வலை. கொசுவலைத் துணுக்கு போல வெள்ளையாக இருக்கும். சதை அதைச் சுற்றி வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

எல்லோரையும் அவர் மேஜையில் ஏற்றிவிட மாட்டார். மலைமேல் அரியூர் நாட்டிலிருந்து (அங்கே ஊர்களின் தொகுதியை நாடு என்பார்கள்) இளைப்பு நோயுள்ள பெரியவர் ஒருவரை மகன் அழைத்து வந்தான். சின்ன வீக்கம், வலி இல்லை, தானாக உள்ளே போய் வந்தது. "இப்போ இதைத் தொட வேண்டாம்" என்றார் டாக்டர். ஆனால் மகனை உட்கார வைத்து, வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி ஆனாலோ, வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, காற்றுப் பிரியாமல் வயிறு உப்பினாலோ ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தார். ஒரு தாய் கைக்குழந்தையின் துருத்திய தொப்புள் மேல் காசை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அடியில் தோல் புண்ணாகியிருந்தது. காசை அவிழ்த்துக் கழுவி அவள் கையில் கொடுத்து, "இது பெரும்பாலும் தானா மூடிக்கும்மா. நடந்து ஓடியாடுற வயசுலயும் மூடலைன்னா கூட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான் அவர் கண்டிப்பு.

செல்லனும் நல்லம்மாவும் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால். குண்டனி நாட்டில் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, இரண்டு மாடு. செல்லன் மிளகுக் கொடி படர்ந்த மரங்களில் மூங்கில் ஏணி சாத்தி ஏறுகிறவர். ஐம்பதை நெருங்கும் வயது. வலது பக்கம் குடல் விதைப்பை வரை இறங்கியிருந்தது. கோவணத்தை இறுக்கிக் கட்டி அதை அடக்கி வைத்தே பல வருடம் மரம் ஏறியிருக்கிறார். அந்த வாரம் மரத்தில் இருக்கும்போது அது வெளியே வந்து சிக்கிக்கொண்டது. இறங்கிப் படுத்து வெகுநேரம் துடித்த பிறகு உள்ளே போயிருக்கிறது. மறுநாளே நல்லம்மா அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். செல்லன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருக்கு வெக்கம் ஜாஸ்திங்க. கட்டிக்கிட்ட என்கிட்டயே ரெண்டு வருசம் மறைச்சாரு. கோவணம் தொவைக்கறது நானு, எனக்குத் தெரியாதுங்களா? நீங்க அவரைக் கேட்காதீங்க, என்னையக் கேளுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் நோயாளி முன்னால் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. முதுகில் மரப்பு ஊசி போட்டு, இடுக்கில் சாய்வாகக் கீறி, விந்துக் குழாயும் ரத்த நாளமும் சேர்ந்த கொடியை நாடாவால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடல் இறங்கியிருந்த பையைப் பிரித்து உள்ளே தள்ளினார். நீண்ட நாள் ஆன பை கொடியோடு ஒட்டியிருந்தது. நகத்தால் பூ இதழைப் பிரிப்பது போலப் பிரித்தார். வலையை நான் அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். கொடி நுழைய ஒரு பிளவு விட்டு, அதைப் பரப்பித் தைத்தார். முடியும் வரை செல்லன் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "முடிஞ்சுதுங்களா? அவகிட்டச் சொல்லிருங்க, பயந்துக்கிட்டு இருப்பா" என்றார். அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அது.

நல்லம்மா வார்டில் எல்லோருக்கும் வேண்டியவளாகிவிட்டாள். துணைக்கு ஆள் இல்லாத கட்டில்களுக்கும் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பாள். செல்லன் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக்கொள்வாள். சாப்பிடுகிறாளா என்று பார்த்தால் தட்டில் வாங்கியது அப்படியே இருக்கும். கேட்டேன். "பஸ்ஸு வளைவுல சுத்துன தலை இன்னும் நிக்கலைங்க நர்ஸம்மா" என்றாள். மலையிலிருந்து இறங்குகிற யாரும் சொல்வதுதான்.

செல்லனை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன காலையில், குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்க முடியாமல் குந்தியபடியே சாய்ந்துவிட்டாள். நானும் ஆயாவும் தூக்கி டிரெஸ்ஸிங் அறைக்குக் கொண்டுவந்தோம். வயிறு உப்பியிருந்தது. புடவையைத் தளர்த்தியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க ஒண்ணுமில்லீங்க. நெறி கட்டியிருக்குது. கால்ல முள்ளு குத்துச்சு, அதுக்குத்தான்."

காலில் முள் குத்தினாலோ புண் வந்தாலோ தொடை இடுக்கில் நெறி கட்டுவது வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அவள் காலைப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. இடுக்கு மடிப்புக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. சிவந்து, கல்லாக இருந்தது. நான் தொட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா இருக்குது?"

"சாமை அறுப்புல இருந்து இருக்குதுங்க. அப்பெல்லாம் வலிக்காது, அமுத்துனா போயிரும். இங்க வந்தப்புறந்தான் போக மாட்டேங்குது."

"ஏன் சொல்லலை நல்லம்மா?"

"அவருக்கு முடியட்டும்னு இருந்தனுங்க. ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யாரு பாக்கறது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்க போயி ஆம்பளை டாக்டர்கிட்ட எப்பிடிங்க காட்டறது?" என்றாள்.

தன் புருஷனின் வெட்கத்தை அத்தனை பேர் முன்னால் கேலி செய்தவள் அவள்தான்.

டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் வயிற்றைத் தொட்டார், கடைசியாகக் கட்டியை. அவர் முகம் மாறவில்லை. ஆனால் கையை எடுக்க வழக்கத்தைவிட அதிக நேரமானது.

"நல்லம்மா, இது நெறி இல்லைம்மா. உங்க வீட்டுக்காரருக்கு வந்த அதே குடலிறக்கம். பொம்பளைங்களுக்கு இந்த வாசல் வழியாவும் வரும். வாசல் ரொம்பச் சின்னது, அதனால குடல் மாட்டிக்கிச்சு. இப்பவே ஆபரேஷன் பண்ணணும்."

அவ்வளவு வலியிலும் அவள் சிரிக்கப் பார்த்தாள். "அவரோட நோவை எனக்கும் பங்கு வெச்சுட்டாருங்களா?"

இந்த இடத்தை இளைய நர்ஸ்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஆண்களின் குடலிறக்கம் பெரியதாக, கண்ணுக்குத் தெரிவதாக இருக்கும். பெண்களுக்கு இடுக்கு மடிப்புக்குக் கீழே வருவது சிறியது. குண்டான உடம்பு என்றால் கைக்கே தட்டுப்படாது. ஆனால் அதுதான் சீக்கிரம் வாசலில் சிக்கி நெரிபடும். குடலுக்குப் போகும் ரத்தம் நின்றுவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கேடுதான். பெண்ணுக்கு வாந்தியும் வயிற்று உப்புசமும் என்றால் துணியை விலக்கித் தொடை இடுக்கைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை எடுத்தோம். பச்சையாக வந்தது. மயக்க மருந்து டாக்டர் வந்ததும் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். வழக்கம்போல நான் வலையையும் எடுத்து வைத்திருந்தேன். டாக்டர் கீறிப் பையைத் திறந்தார். கலங்கிய நீர் வந்தது, கூடவே வாடையும். என் தட்டில் இருந்த வலைப் பொட்டலத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அழுகல் உள்ள இடத்தில் வலை வைக்க முடியாது, அதுவும் சீழ் பிடித்துவிடும். பொட்டலத்தைப் பிரிக்காமலே ஆயாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மாட்டியிருந்த குடல் துண்டு கறுத்திருந்தது. இறுக்கத்தைத் தளர்த்தி, வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் மூடிக் காத்திருந்தோம். சில சமயம் நிறம் திரும்பும், குடல் புழு நெளிவது போல அசையும். டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார். மறுபடி விலக்கினார். நிறம் திரும்பவில்லை. வயிற்றைத் திறந்து, கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்தார். ஒவ்வொரு தையலும் போட்டு முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் செல்லன் உட்கார்ந்திருந்தார், வீட்டுக்குப் போகக் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு. டாக்டர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். செல்லன் பொறுமையாகக் கேட்டார். பிறகு முதல் முறையாக டாக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைய அறுக்கறப்ப அவளும் இங்கதானுங்க இருந்தா. அவளையும் பாத்திருக்கலாமில்லீங்க?"

அவள் சொல்லவில்லையே என்று பதில் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. டாக்டர் அதைச் சொல்லவில்லை. "நான் கேட்கலைங்க" என்றார்.

இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. நல்லம்மா கண் விழித்துப் பேசினாள். மாட்டுக்குத் தண்ணி காட்டினார்களா என்று கேட்டாள். பிறகு காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தம் இறங்கியது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். செல்லன் தன் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வழி முழுக்க அவள் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க குலுங்காம உக்காருங்க. தையலு பிரிஞ்சிரும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

அதற்கு மறுநாள் அங்கே அவள் இறந்துபோனாள்.

அவள் உடலோடு மலைக்குப் போகிற வேனில் என்னையும் ஏறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். ரோடு முடிந்த இடத்திலிருந்து வரப்பு வழியாக அவள் ஊருக்கு நடக்க வேண்டும். செல்லனின் அண்ணனும் பங்காளிகளும் வந்து நின்றார்கள். வீட்டில் சடங்கு முடிந்து பாடையைத் தூக்கும்போது செல்லனும் தோள் கொடுக்கப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேண்டாஞ் சாமி, உனக்குப் புண்ணு ஆறலை. டாக்டரு எதையும் தூக்கக் கூடாதுன்னாரில்ல" என்றார். செல்லன் மூங்கிலில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். மரவள்ளிக் காட்டைத் தாண்டி அவர்கள் மறையும் வரை நான் வீட்டு வாசலில் பெண்களோடு நின்றேன். மாடு கத்திக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் போய் அதற்குத் தண்ணீர் வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துச் செல்லன் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் அவரை நிற்க வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தழும்பில் விரலை வைத்தார். "இருமுங்க" என்றார். இருமினார். விரலுக்கு அடியில் எதுவும் தள்ளவில்லை. நல்ல தையல், நல்ல சதை. "முழுசா ஆறிருச்சு" என்றார் டாக்டர். "இனிமே எதை வேணும்னாலும் தூக்கலாம். மரமும் ஏறலாம்."

"தூக்க வேண்டிய அன்னைக்குத் தூக்க வேண்டாம்னுட்டீங்க" என்றார் செல்லன். கோபமாகச் சொல்லவில்லை. வேட்டியைச் சரி செய்துகொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு என்னிடம், "சிஸ்டர், இனிமே கூட வர்ற பொம்பளைங்களையும் பார்த்திரலாம். நான் கேட்டா சொல்ல மாட்டாங்க, நீங்க கேளுங்க. கதவைச் சாத்திட்டுக் கேளுங்க" என்றார். அன்று மதியமே ஆரம்பித்தோம். பல பேர் சிரித்தார்கள், சில பேர் முறைத்தார்கள். எப்போதாவது ஒருத்தி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புடவையைத் தளர்த்துவாள். டாக்டர் மாற்றலாகிப் போகும் வரை நல்லம்மாவைப் பற்றி எங்களுக்குள் மறுபடி பேசியதில்லை.

செல்லனை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். நான் ஓய்வு பெறும் வருடம் அது. வாழவந்தி நாட்டில் கட்டிக்கொடுத்திருந்த தங்கையை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். "இவளுக்கு இருக்குதுங்க. வாயத் தொறக்க மாட்டா. இவ புருசன்கிட்டச் சண்டை போட்டுக் கூட்டியாந்தேன்" என்றார். பார்த்தோம். நல்லம்மாவுக்கு வந்த அதே இடம், அதே அளவு. ஆனால் மெத்தென்று இருந்தது, அமுக்கினால் உள்ளே போனது. புதிய சர்ஜன் அம்மா நாள் குறித்து, அவசரமில்லாமல், வலை வைத்துத் தைத்தார். பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் செல்லன் வராந்தாவிலேயே கிடந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற ஆண்களிடமெல்லாம் எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். என்னவென்று விசாரித்தேன். "ஊட்டுல இருக்கற பொம்பளைங்க நல்லா இருக்காங்களான்னு கேக்கறனுங்க" என்றார்.

தங்கையை அனுப்பிய அன்று பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து, எப்போது எதைப் போட வேண்டும் என்று செல்லனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மாத்திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, நீங்களும் நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கறீங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

அத்தனை வருட வேலையில் என்னை யாரும் கேட்டிராத கேள்வி அது. சிரித்துக்கொண்டே, "எனக்கு என்னங்க, ஒண்ணுமில்லை" என்றேன்.

"நான் கேட்டப்ப அவளும் இப்பிடித்தானுங்க சிரிச்சுக்கிட்டே சொன்னா" என்றார்.